விளக்கைச் சுமக்கும் வைரஸ்

கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் போனால் சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான். இருட்டிய பிறகு படகேறினால், பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைவதைப் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் இதற்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு அது வெகுகாலம் வெறும் ‘கெலிப் கெலிப்’ பூச்சிதான். பூச்சிநூலார் வைத்த பெயர் தெரோப்டிக்ஸ் தெனெர். நீளம் ஓர் அரிசி மணி அளவு. அதன் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தை தின்று வளரும். அந்தச் சேற்றில் நிற்பவை நிப்பாப் பனைகள்; ஒரு காலத்தில் லயத்துக் கூரைக்கு அத்தாப்பு கொடுத்தவை. நிப்பா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு முகத்தோடு வரப்போகிறது.

மின்மினியின் வெளிச்சத்தை வீட்டு விளக்கைப்போல் பிரித்துப் பார்க்கலாம். எண்ணெயின் இடத்தில் லூசிஃபெரின் என்ற பொருள். திரியின் இடத்தில் லூசிஃபெரேஸ் என்ற நொதி. காற்றிலிருந்து ஆக்சிஜன். நெருப்புக்குச்சியின் வேலையைச் செய்வது ஏ.டி.பி.; உயிருள்ள ஒவ்வொரு செல்லும் செலவுக்கு வைத்திருக்கும் சில்லறைக் காசு என்று அதைச் சொல்லலாம். இந்தக் காசு இல்லாமல் விளக்கு எரியாது என்று 1947-ல் கண்டுசொன்னவர் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த வில்லியம் மெக்எல்ராய். ஆய்வுக்குப் பூச்சி வேண்டுமே? நூறு பூச்சிக்கு 25 காசு என்று ஊர்ப் பிள்ளைகளிடம் விலை பேசிப் பிடிக்கச் சொன்னார். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் வந்திருந்தால் பெரெம்பாங் மரத்தில் பூச்சி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

1985-ல் அந்தத் திரியின் மரபணுவையே தனியாக எடுத்துவிட்டார்கள். எடுத்தது ஃபோட்டினஸ் பைராலிஸ் என்ற அமெரிக்க மின்மினியிலிருந்து. நம் ஆற்றங்கரைப் பூச்சி தூரத்துச் சொந்தம் மட்டுமே. அடுத்த ஆண்டே அதைப் புகையிலைச் செடிக்குள் வைத்துச் செடியை ஒளிரச் செய்தார்கள். செடி ஒளிர்ந்தது வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு பெரிய வசதி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறதா இல்லையா என்று அறிய, அதன் வாலில் இந்த விளக்கைக் கட்டிவிட்டால் போதும். நடந்தால் எரியும்.

வைரஸின் வாலில் கட்டினால்? அதுதான் ரிப்போர்ட்டர் வைரஸ். பெயரைக் கேட்டால் பத்திரிகை நிருபர் நினைவுக்கு வருவார். ஆனால் இந்த நிருபருக்குத் தெரிந்தது ஒரே சேதிதான்: ‘நான் செல்லுக்குள் புகுந்துவிட்டேன், பெருகிக்கொண்டிருக்கிறேன்.’ பெருகப் பெருக வெளிச்சம் கூடும். மருந்து தடுத்தால் குறையும்.

இதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். தட்டில் செல்களைப் பாய் விரித்தாற்போல் வளர்த்து, மேலே வைரஸை விட்டு, அது செல்களைக் கொன்று போடும் ஓட்டைகளைச் சாயம் தோய்த்து எண்ணுவார்கள். ரெனாட்டோ டல்பெக்கோ 1952-ல் விலங்கு வைரஸ்களுக்குக் கொண்டுவந்த முறை அது. இன்றும் நம்பகமானது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். டிங்கி வைரஸ் ஓட்டை போட ஐந்தாறு நாள் எடுக்கும். பத்து மருந்தென்றால் எண்ணிவிடலாம். பத்தாயிரம் மருந்தென்றால் எண்ணுகிறவருக்குக் கண் போய்விடும்.

என் அக்காள் மகள் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது, புத்தம்புதுத் தட்டு ஒன்றை எடுத்து வந்து காட்டினாள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். குறுக்கே எட்டு வரிசை, நெடுக்கே பன்னிரண்டு, ஆக 96 குழி. ஒவ்வொரு குழியிலும் இரண்டு சொட்டு விடுவார்கள். அந்த இரண்டு சொட்டில் பத்தாயிரம் செல் குடியிருக்கும் என்றாள். தட்டு பால் வெள்ளையாக இருந்தது. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் பார்க்க வசதியாயிற்றே என்று கேட்டேன்.

“தெளிவா இருந்தா ஒரு குழி வெளிச்சம் பக்கத்துக் குழிக்குப் போயிடும் மாமா. அப்புறம் யாரு எரியுறா, யாரு எரியலேன்னு எப்படித் தெரியும்?”

ஓரத்துக் குழிகளில் அவர்கள் மருந்து வைப்பதில்லையாம். ஓரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகும், கணக்கு பிசகும். அங்கே வெறும் நீர்தான் நிற்கும். நடுவில் ஒரு நெடுவரிசை முழுக்க வைரஸ் மட்டும், மருந்தில்லை. இன்னொன்றில் செல் மட்டும், வைரஸ் இல்லை. முதலாவது வெளிச்சத்தின் உச்சி, இரண்டாவது அதன் தரை. மற்ற குழிகளெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கின்றன என்பதுதான் கேள்வி. உச்சிக்கும் தரைக்கும் இடைவெளி நன்றாக இல்லையென்றால் அன்றைய தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

டிங்கியை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரன். 2019-ல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் சிலாங்கூர்க்காரர்கள். டிங்கி வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 10,700 எழுத்து. மின்மினியின் திரிக்கோ 1,650 எழுத்து வேண்டும். சின்ன சைக்கிளில் பெரிய மூட்டை ஏற்றினாற்போல் ஆகிவிடும். அதனால் ரெனில்லா என்ற கடலுயிரியின் சிறிய திரியை, 930 எழுத்துச் சொச்சம், பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை எங்கே செருகுவது என்பதில்தான் சூட்சுமம். டிங்கி தன் புரதங்களையெல்லாம் ஒரே நீளச் சங்கிலியாக நெய்து பிறகு துண்டு போடும் வைரஸ். தப்பான இடத்தில் கைவைத்தால் சங்கிலியே அறுந்துபோகும். சங்கிலியின் தலைப்பக்கம் செருகி, திரி தானாகக் கழன்றுகொள்ள ஒரு சிறு வெட்டுப்புள்ளியும் வைக்க வேண்டும். பக்கத்துச் சிங்கப்பூரில், நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கழகத்தில் பெய்-யோங் ஷி என்பவரின் குழு இப்படி ஒரு டிங்கி வைரஸைச் செய்து 2011-ல் வெளியிட்டது. அதே பெய்-யோங் ஷி பின்னர் அமெரிக்காவின் டெக்சாசுக்குப் போய், 2020-ல் கோவிட் வைரஸுக்கும் விளக்கு மாட்டினார்.

இனி தட்டைப் படிப்போம். எண்கள் என் கற்பனை, கணக்கு நிஜம். மருந்தில்லாத குழியில் வெளிச்சம் பத்து லட்சம். வைரஸ் இல்லாத குழியில் ஐந்நூறு. மருந்து விட்ட ஒரு குழியில் இருபதாயிரம். வைரஸ் 98 விழுக்காடு அடங்கிவிட்டது என்று கணக்குச் சொல்கிறது. மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், வெளிச்சம் சரிபாதியாகும் அளவு எது என்று பார்ப்பார்கள். அந்த எண் எவ்வளவு சிறியதோ மருந்து அவ்வளவு கெட்டி.

கைதட்டுவதற்கு முன் ஒரு பழைய கதை. ரப்பர் இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. (இப்போது சுற்றிலும் செம்பனை. 1917-ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்ததும் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பேர் தென்னை, பயிர் செம்பனை.) பால் வெட்டி வருகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி மெட்ரோலாக் என்கிற மிதவைக் கோலைப் பாலில் விட்டுப் பார்த்து, இத்தனை ரப்பர் என்று எழுதுவார். அந்தக் கோலுக்கு ரப்பரைத் தெரியாது. பாலின் அடர்த்தி மட்டும்தான் தெரியும். ரப்பர் மிகுந்தால் பால் இலேசாகும், கோல் ஆழமாய் இறங்கும், அவ்வளவே. நுரை அடங்காத பாலில் விட்டால் வேறு எண் காட்டும். கோல் மேல் தப்பில்லை. அதனிடம் கேட்டது அடர்த்தி, நாம் எழுதிக்கொண்டது கூலி.

மருந்துக் குழியின் விளக்கும் அப்படித்தான். அணைந்த விளக்கு, வைரஸ் அடங்கியதால் அணைந்திருக்கலாம். மருந்து செல்லையே கொன்றிருந்தாலும் அணையும், வீடு எரிந்தால் திருடன் எங்கே தங்குவான்? இதைக் கண்டுபிடிக்க வைரஸ் இல்லாத இன்னொரு தட்டில் அதே மருந்தை விட்டு, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். எதைக் கொண்டு? மறுபடி மின்மினியைக் கொண்டுதான். உயிருள்ள செல்லில் ஏ.டி.பி. இருக்கும், செல்லை உடைத்து, லூசிஃபெரினையும் லூசிஃபெரேஸையும் ஊற்றினால் ஏ.டி.பி. எவ்வளவோ அவ்வளவு ஒளி. எனவே ஒரு தட்டில் ஒளி என்றால் நோய், பக்கத்துத் தட்டில் ஒளி என்றால் உயிர். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு தட்டு இருண்டு, மற்றது ஒளிர்ந்தால்தான் அந்த மருந்து அடுத்த படிக்குப் போகும். செல்லைப் பாதி கொல்லும் அளவை, வைரஸைப் பாதி அடக்கும் அளவால் வகுத்து ஓர் எண் எடுப்பார்கள். அது ஒன்றிரண்டு என்றால் குப்பைத்தொட்டி. நூறு, ஆயிரம் என்றால் பேசலாம்.

மூன்றாவது ஒரு மோசடியும் உண்டு. மருந்து வைரஸையும் தொடாமல் செல்லையும் தொடாமல், திரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லூசிஃபெரேஸ் ஒரு நொதிதானே, அதன் வாயை அடைக்கும் வேதிப்பொருள்களுக்குக் குறைவில்லை. சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். அட்டாலுரென் என்ற மருந்து, தசைச்சிதைவு நோய்க்கென்று மின்மினி விளக்கை வைத்துத் தேடியபோது அகப்பட்டது. அந்த மருந்து லூசிஃபெரேஸைப் பிடித்துக்கொண்டு அது சிதையாமல் காப்பதாலேயே வெளிச்சம் கூடித் தெரிந்திருக்கலாம் என்று 2009-ல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. அதிலிருந்து, வெளிச்சத்தை ஒரே விளக்கில் பார்த்துவிட்டு நம்புவதில்லை என்பது எழுதாத சட்டமாயிற்று. மின்மினித் திரியில் தேர்ந்தது ரெனில்லாத் திரியிலும் தேற வேண்டும். கடைசியில் விளக்கே இல்லாத அசல் வைரஸை வைத்து, டல்பெக்கோவின் ஓட்டைகளை உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டும். அந்த வேலைக்கு இன்றும் விலக்கில்லை. பத்தாயிரத்தில் பத்துக்கு எண்ணினால் போதும் என்பதே ஆதாயம்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. விளக்கு அதற்குச் சுமை. சுமையால் கொஞ்சம் மெதுவாகத்தான் பெருகும். தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போனால் மூட்டையைத் தள்ளிவிட்டு ஓடும் பிள்ளைகள் பிறந்து, சுமப்பவர்களை முந்திவிடும். பிறகு தட்டு இருளும், வைரஸோ அமோகமாகப் பெருகும். அதனால்தான் முதல் சில தலைமுறை வைரஸை உறையவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் நேற்றையதிலிருந்து இன்றைக்கு என்று ஓட்ட முடியாது.

நிப்பாவுக்கு வருகிறேன். 1998 செப்டம்பரில் ஈப்போப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கி, நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலண்டோக் வரை பரவியது. பண்ணைச் சீனர்களும், அங்கே கூலிக்கு இருந்த இந்தியர்களும் விழுந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், இறந்த ஒருவரின் தண்டுவட நீரைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் விட்டார். ஐந்தாம் நாள் செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெரும் பெரும் திட்டுகளாகக் கிடந்தன. புது வைரஸ். நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. ஊர் பெயர் வைரஸுக்கு ஆயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். மின்மினிப் புழு வளரும் சேற்றுப் பனையின் பெயர் அன்றிலிருந்து இந்த நாட்டில் வேறு ஒலி பெற்றுவிட்டது.

நிப்பாவுக்கு விளக்கு மாட்டுவதில் ஒரு விநோதக் கணக்கு இருக்கிறது. இந்தக் குடும்பத்து வைரஸ்களின் மரபுச் செய்தி ஆறால் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் நகலெடுப்பு ஒழுங்காக நடக்காது. மலேசிய நிப்பா 18,246 எழுத்து, அதாவது ஆறு பெருக்கல் 3,041. புதிதாகச் செருகும் விளக்கும் அந்தக் கணக்கைக் கெடுக்கக் கூடாது. எழுத்தெண்ணிச் செய்யுள் பாடும் புலவர் வேலை. 2014-ல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் மைக்கேல் லோ குழுவினர் ரெனில்லா விளக்கு மாட்டிய நிப்பாவையும், ஜெல்லிமீனின் பச்சை ஒளிப்புரதம் மாட்டியதையும் மருந்துத் தேடலுக்கு வைத்துப் பார்த்தார்கள். இதற்கு நான்காம் நிலைப் பாதுகாப்புக்கூடம் வேண்டும், காற்றுக்குழாய் பொருத்திய உடையோடு நின்று செய்யும் வேலை. அப்படிப்பட்ட கூடம் இல்லாதவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். சாதுவான ஒரு மாட்டு வைரஸின் மேல்தோலை உரித்து, நிப்பாவின் தோலைப் போர்த்தி, உள்ளே லூசிஃபெரேஸை வைப்பது. இந்தப் போலி நிப்பா செல்லுக்குள் ஒருமுறை நுழைந்து விளக்கேற்றும், குட்டி போடாது. நுழைவாசலில் தடுக்கும் மருந்தை மட்டும் இதில் பார்க்கலாம். உள்ளே போய் வேலை செய்கிற மருந்து இதில் தெரியாது.

அந்தக் குரங்குச் செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரோ என்று பெயர். 1962-ல் ஜப்பானின் சிபாப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. எஸ்பெராண்டோ மொழியில் ‘பச்சைச் சிறுநீரகம்’ என்பதன் சுருக்கம் அந்தப் பெயர், அதே மொழியில் ‘உண்மை’ என்றும் பொருள். வைரஸை எதிர்க்கும் இண்டர்ஃபெரானைச் சுரக்க இந்தச் செல்லுக்குத் தெரியாது. கதவைத் திறந்தே வைத்திருக்கும் வீடு. வைரஸ் வளர்க்க அருமை. மனித உடம்புக்கு எத்தனை தூரம் ‘உண்மை’ என்பது வேறு.

கொயினாவும் மலேரியாவும் தெரியாத பழைய தோட்டக் குடும்பம் இங்கே இல்லை. கொயினாவுக்குப் பின் அந்த வேலைக்கு வந்த குளோரோகுயின், வைரஸ் ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாக நல்ல பிள்ளை. டிங்கியை வீரோவில் அடக்கியது. வியட்நாமில் 307 பேருக்குச் சோதித்தபோது ரத்தத்தில் வைரஸ் குறையவில்லை. நிப்பாவைத் தட்டில் அடக்கியது. ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணியைக் காப்பாற்றவில்லை. 2020-ல் கோவிட் வைரஸை வீரோவில் அடக்கிய கதை உலகம் அறிந்தது. காரணம் பின்னர் தெரிந்தது. வீரோவில் அந்த வைரஸ் செல்லின் உட்பைக்குள் போய், அங்குள்ள அமிலத்தின் துணையோடு நுழைகிறது. குளோரோகுயின் அமிலத்தைக் கெடுக்கிறது. மனித நுரையீரல் செல்லில் வைரஸுக்கு வெளிவாசலிலேயே சாவி கொடுக்கும் இன்னொரு நொதி இருக்கிறது. பின்வாசலில் காவல் போட்டுவிட்டு முன்வாசலை மறந்த கதை. மனித நுரையீரல் செல்லில் செய்துபார்த்தபோது குளோரோகுயின் ஒன்றும் தடுக்கவில்லை. தட்டில் எரிந்த விளக்கும், அணைந்த விளக்கும் பொய் சொல்லவில்லை. குடியிருந்த வீடுதான் வேறு.

ரெம்டெசிவிரின் கதை நேர்மாறு. அது செல்லுக்குள் போய் உருமாறினால்தான் மருந்தாகும். வீரோ அந்த உருமாற்றத்தில் மந்தம் என்பதால், மனித செல்லில் காட்டும் வீரியத்தை அங்கே காட்டாது. வீரோவை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் கழித்துப் போட்டிருக்கவும் கூடும்.

1999-ல் நம் மருத்துவமனைகளில் நிப்பா நோயாளிகளுக்குக் கொடுத்தது ரிபாவிரின். 140 பேருக்குக் கொடுத்ததில் 32 விழுக்காட்டினர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 54 பேரில் 54 விழுக்காட்டினர். கேட்க நம்பிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்த 54 பேர், மருந்து வருவதற்கு முன்பே நோயில் விழுந்தவர்கள் அல்லது மருந்து வேண்டாம் என்றவர்கள். குலுக்கிப் பிரித்த கூட்டம் இல்லை. பின்னாளில் வெள்ளெலிகளில் சோதித்தபோது ரிபாவிரின் உயிரைக் காக்கவில்லை. அன்று மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வார்டு நிறைய மயங்கிக் கிடப்பவர்கள், கையில் இருந்தது அது ஒன்று. ஆனால் அன்று விளக்கேந்திய நிப்பா கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டு கிடையாது. இருபதாண்டு கழித்து, 2019-ல், லோ குழுவினர் நிப்பா ஏற்றிய ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளுக்கு ரெம்டெசிவிர் கொடுத்தார்கள். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் இறந்தன. வீரோ செல்லைத் தந்த அதே குரங்கினம்.

டிங்கிக்கு? சிங்கப்பூர்க் கூடத்திலிருந்து 2009-ல் வந்த என்.ஐ.டி.டி.008 என்ற பொருள் தட்டிலும் தேறியது, சுண்டெலியையும் காப்பாற்றியது. தொடர்ந்து கொடுத்தபோது எலிக்கும் நாய்க்கும் நச்சாயிற்று, கைவிட்டார்கள். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் செல் தட்டுகளில் தேடிக் கண்ட வரிசையிலிருந்து பிறந்த மோஸ்னோடென்விர், டிங்கியின் நான்கு வகைகளையும் அடக்கியது, மனிதச் சோதனை வரை வந்தது. 2024 அக்டோபரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அந்தச் சோதனையை நிறுத்தியது. மருந்தில் கோளாறு இல்லை, நிறுவனத்தின் முன்னுரிமை மாறிவிட்டது என்றது அறிக்கை.

சென்ற மாதம் எங்கள் தாமானில் மூன்று வீட்டில் டிங்கி. சாயங்காலம் புகை வண்டி வந்து போனது. கிளினிக்கில் கொடுத்தது பாராசிட்டமாலும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன புத்திமதியும், மறுநாள் காலை ரத்தம் எடுத்துத் தட்டணு எண்ண ஒரு சீட்டும்.